எபெனேசர் கல்லில் எழுதாத தோல்வி

தமிழ்நாட்டில் எந்தப் பக்கம் போனாலும் வாசல் கல்லில் 'எபெனேசர்' என்று பெயர் பொறித்த வீடு ஒன்றாவது கண்ணில் படும். எபிரேய மொழியில் 'உதவியின் கல்' என்று அர்த்தம். பெலிஸ்தரை ஜெயித்த பிறகு சாமுவேல் ஒரு கல்லை நிறுத்தி இந்தப் பெயரை வைக்கிறார் (1 சாமுவேல் 7:12). வருஷக் கடைசி ராத்திரி ஆராதனைகளில் அதிகம் பேசப்படும் வசனங்களில் இதுவும் ஒன்று. கடந்த நன்மைகளை நினைத்தால் விசுவாசம் பலப்படும், வரப்போகும் வருஷத்துக்கு நம்பிக்கை பிறக்கும் என்பது பிரசங்கத்தின் சாரமாக இருக்கும்.

கருத்து சரிதான். ஆனால் எதை நினைப்பது என்பதில் பாதியை விட்டுவிடுகிறோம் என்று எனக்குத் தோணுது.

அதே புத்தகத்தில் மூணு அதிகாரம் பின்னால் போய்ப் பாருங்க. 4-ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலர் பாளயமிறங்கின இடத்தின் பெயரும் எபெனேசர்தான். அங்கே முதல் நாள் சண்டையில் ஏறக்குறைய 4,000 பேர் சாகிறார்கள். உடனே உடன்படிக்கைப் பெட்டியைக் கொண்டு வருகிறார்கள், அது வந்தால் ஜெயம் நிச்சயம் என்று. அடுத்த சண்டையில் 30,000 பேர் சாகிறார்கள், பெட்டியும் எதிரி கைக்குப் போகிறது. ரெண்டும் ஒரே இடமா என்று அறிஞர்கள் விவாதிக்கலாம். ஆனால் கதையைச் சொன்னவர் தோற்ற இடத்துக்கும் வெற்றிக் கல்லுக்கும் ஒரே பெயரைக் கொடுத்திருக்கிறார். நடுவில் 20 வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. அந்தக் கல்லைப் பார்த்த ஜனங்களுக்கு உதவி மட்டுமா ஞாபகம் வந்திருக்கும்?

'இம்மட்டும்' என்று சாமுவேல் சொல்லும் சொல்லையும் கவனிக்கணும். அது இதுவரை நடந்ததன் கணக்கு. நாளைக்கு என்ன கிடைக்கும் என்பதைப் பற்றி அதில் ஒண்ணும் இல்லை.

இப்போ நம்ம சாட்சி நேரத்துக்கு வருவோம். வேலை கிடைச்சது, வீடு கட்டியாச்சு, விசா வந்தது, ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. எல்லாம் உண்மையான நன்றிதான், குறை சொல்ல முடியாது. ஆனால் வெற்றி வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு எரர் வரிகளை அழித்த லாக் ஃபைலை என்னிடம் கொடுத்தால், அந்த சிஸ்டத்தைப் பற்றி நான் எதையும் நம்ப மாட்டேன். அதே ஆபரேஷனுக்காக அதே அளவு ஜெபம் பண்ணி, பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு அம்மா அதே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாங்க. அவங்க எழுந்து சொல்ல அந்த வரிசையில் இடம் இல்லை. அடுத்தவர் சாட்சி அவங்களுக்கு நம்பிக்கையைக் கொடுப்பதற்குப் பதிலாக, 'எனக்கு மட்டும் ஏன் இல்லை' என்ற கேள்வியைத்தான் கொடுக்கும்.

வேதத்தில் அந்தக் கேள்விக்கு இடம் இருக்கு. நியாயாதிபதிகள் 6-இல் கிதியோன் மீதியானியருக்குப் பயந்து ஆலைக்குள் ஒளிந்து கோதுமை அடித்துக்கொண்டிருக்கிறான். ஏழு வருஷக் கொடுமை. கர்த்தர் உன்னோடே இருக்கிறார் என்று தூதன் சொன்னதும், அப்பாக்கள் சொன்ன பழைய அற்புதங்களெல்லாம் எங்கே போச்சு என்று திருப்பிக் கேட்கிறான். கிதியோன் பழைய நன்மைகளை மறக்கவில்லை. நல்லா ஞாபகம் இருப்பதால்தான் கேட்கிறான். அதற்காக அவனுக்குத் திட்டு விழவில்லை. விளக்கமும் வரவில்லை. ஒரு வேலைதான் கொடுக்கப்படுகிறது.

இந்த விஷயத்தைத் தமிழில் நன்றாகப் புரிந்துகொண்டவர் வீரமாமுனிவர் என்பது என் கணிப்பு. தேம்பாவணி 3 காண்டம், 36 படலம், 3,615 பாடல்கள் கொண்ட காப்பியம், தலைவன் சூசையப்பர் என்கிற வளன். குழந்தையைக் காப்பாற்ற எகிப்துக்கு ஓடும் பகுதி மத்தேயுவில் மூணே வசனம். முனிவர் அதைப் பல படலங்களாக விரிக்கிறார். சொந்த நாட்டை விட்டுப் புறப்பட்ட கொஞ்சத்திலேயே யோசுவாவின் கதையும் கிதியோனின் கதையும் தனித்தனிப் படலங்களாக வருகின்றன: சோசுவன் வெற்றிப் படலம், சேதையோன் வெற்றிப் படலம். பழைய மீட்பின் கதைகளை அவர் விருந்திலோ திருவிழாவிலோ வைக்கவில்லை, அகதியாகப் போகும் வழியில் வைத்தார். கையில் ஒண்ணும் இல்லாதபோதுதான் ஞாபகம் உணவாகிறது.

தலைப்புகளில் மட்டும் எனக்கு ஒரு சின்ன மனத்தாங்கல். கிதியோன் கதையின் உயிர் அவன் வெற்றியில் இல்லை, அதற்கு முந்தின கேள்வியில் இருக்கு. காப்பிய மரபு வெற்றியைக் கேட்கிறது, அவரும் கொடுத்துவிட்டார்.

கருவேப்பிலங்குறிச்சிக்காரனான எனக்கு இதில் இன்னொரு ஈர்ப்பும் உண்டு. வீரமாமுனிவர் பெயரோடு சேர்ந்த கோணான்குப்பம் பெரியநாயகி அன்னை ஆலயம் எங்க விருத்தாசலம் வட்டாரத்தில்தான் இருக்கு. விருத்தாசலம் பெரிய கோயில் அம்மனுக்கும் பெரியநாயகி என்றுதான் பெயர். கோணான்குப்பத்தில் சொல்லப்படும் செவிவழிக் கதை, முனிவர் கொண்டுவந்த சுரூபம் தொலைந்துபோவதில் தொடங்குகிறது. பிறகுதான் அது கிடைப்பதும், பிள்ளையில்லாத ஜமீன்தாருக்குப் பிள்ளை பிறப்பதும், கோயில் எழும்புவதும். வரலாறு எவ்வளவு, கதை எவ்வளவு என்பது வேறு ஆராய்ச்சி. ஊர் ஞாபகம் தொலைத்ததையும் சேர்த்தே வைத்திருக்கிறது என்பதுதான் இங்கே முக்கியம்.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூர் மாவட்டத்தில் புகுந்தது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மறுநாள் ராத்திரி வருஷக் கடைசி ஆராதனை. தோப்பு போன ஒரு விவசாயிக்கு அன்றைக்கு எந்த நன்மைப் பட்டியல் உதவும்? புதுக் கன்று வைத்தாலும் பழைய தோப்பு மாதிரி காய்க்கப் பல வருஷம் ஆகும். அவருக்குச் சொல்ல ஒரே ஒரு ஞாபகம்தான் இருக்கு: தோற்ற பெயரை அழிக்காமல், அதே பெயரில் கல் நட்ட ஜனங்களின் ஞாபகம்.

சாட்சி நேரத்தில் ஒரு சின்ன மாற்றம் செய்யலாம். கிடைத்ததைச் சொல்பவர்களோடு, இன்னும் கிடைக்காமல் காத்திருப்பவரும் எழுந்து பேசட்டும். 'இம்மட்டும்' என்ற சொல்லை அவராலும் பொய்யில்லாமல் சொல்ல முடியும்.