முகம் காட்டாத தன்னுரு: ஷாஸியா சிக்கந்தரின் ‘சுருள்’

லாகூர் தேசியக் கலைக் கல்லூரியில் நுண்ணோவியம் பயின்ற மாணவி ஒருவர், 1989–90ஆம் ஆண்டுகளில் தம் பட்டப்படிப்பின் நிறைவுப் பணியாக ஓர் ஓவியத்தைத் தீட்டினார். அதன் உயரம் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர். நீளம் 162 சென்டிமீட்டர். மாணவியின் பெயர் ஷாஸியா சிக்கந்தர். ஓவியத்தின் பெயர் ‘சுருள்’. ஒரு முனை தொடங்கி மறுமுனை வரை அதில் விரிவது ஒரே ஒரு வீடு. அறைகள், நடைகள், வாயில்கள், சாளரங்கள், விரிப்புகள், அன்றாட அலுவல்களில் ஆழ்ந்திருக்கும் வீட்டார் என்று அந்த வீடு நிறைந்து கிடக்கிறது. அவற்றினூடே வெண்ணாடை அணிந்த இளம்பெண் ஒருத்தி அறைக்கு அறை தோன்றிக்கொண்டே இருக்கிறாள். யாரும் அவளை நோக்குவதாகத் தெரியவில்லை. அவளும் எங்கும் தங்குவதில்லை. அவள் முகத்தை நாம் ஓரிடத்திலும் காண்பதில்லை. முடிவில் அவள் நமக்கு முதுகு காட்டி, ஓவியச் சட்டத்தின் முன் நின்று தூரிகை பிடித்திருக்கிறாள். தீட்டப்படுவதும் அவளே.

தன்னுருவ ஓவியம் என்றாலே கண்ணாடியை உற்றுநோக்கும் முகம் என்று பழகிவிட்டோம். அப்பழக்கத்திற்கு இவ்வோவியம் பணிய மறுக்கிறது. ஓவியர் தம்மைப் பற்றிச் சொல்ல விழைந்ததை முகத்தில் வைக்காமல் கட்டடத்தில் வைத்திருக்கிறார். அவ்வாறு வைத்ததன் பொருளை ஆராய்வதே நம் நோக்கம். மூல ஓவியத்தை நேரில் கண்டவர்கள் நாமல்லோம். அச்சுப்படிகளின் வழியே அறிந்தவர்கள். இதில் வெட்கப்பட ஏதுமில்லை. லாகூர் மாணவர்களும் தங்கள் முன்னோரின் ஏடுகளைப் பெரும்பாலும் அச்சுப்படிகளில்தான் கண்டு கற்றார்கள். முகலாய ஏடுகளின் சிறந்த பகுதி லண்டனிலும் வின்ட்சரிலும் பிற மேலை நகரங்களிலும் அல்லவா இருக்கிறது?

ஓவியம் பிறந்த இடத்தைச் சிறிது அறிந்துகொள்வோம். 1875இல் ஆங்கிலேயர் ஆட்சியில் மேயோ கலைப்பள்ளியாகத் தொடங்கப்பட்டு, 1958இல் தேசியக் கலைக் கல்லூரி என்று பெயர் மாறிய நிறுவனம் அது. பாட்டியாலா அரசவை ஓவியர் மரபில் வந்த ஹாஜி முகம்மது ஷரீஃப், ஷேக் ஷுஜாவுல்லா ஆகிய இரு முதியோரிடம் நேரில் கற்ற பஷீர் அஹ்மத், 1980களில் அங்கே நுண்ணோவியத்தைத் தனிப் பட்டப் பாடமாக நிலைநிறுத்தினார். ஆயினும் அன்றைய இளம் ஓவியர்களுக்கு அத்துறையின்மீது மதிப்பில்லை. சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கும் அரசவைக் காட்சிகளைப் படியெடுக்கும் வேலையென்றே பலர் அதனைக் கருதினர். நவீனம் கற்க வந்தவர்கள் தரையில் அமர்ந்து, மடியில் பலகை வைத்து, அணில் வால் மயிரால் தூரிகை கட்டிக்கொண்டிருக்க விரும்புவார்களா? சிக்கந்தர் விரும்பினார்.

‘நுண்ணோவியம்’ என்ற சொல்லைப் பற்றி இடையில் ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் இதனைக் குறிக்கும் ‘மினியேச்சர்’ என்பது, சிவப்பு ஈயப் பொடியைக் குறிக்கும் ‘மினியம்’ என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அளவின் சிறுமைக்கும் அதற்கும் தொடக்கத்தில் தொடர்பே இல்லை. பின்னர் ஏற்பட்ட ஒலி மயக்கத்தால் சிறியது என்ற பொருள் ஏறிக்கொண்டது. நாமும் அதையே தமிழாக்கி வைத்திருக்கிறோம். சிறியது என்று பெயரிட்ட பின் அதன் எண்ணமும் சிறியதென்று கருதுவது எளிதாகிவிடுகிறது.

‘சுருள்’ அந்த எண்ணத்தை அளவாலேயே முறிக்கிறது. மரபான ஏட்டை ஒரு கையில் ஏந்தி ஒரே பார்வையில் உள்வாங்கலாம். உயரத்தைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு நீளமுள்ள இவ்வோவியத்தை அப்படிப் பார்க்க இயலாது. நுட்பம் காண நெருங்கினால் முழுமை நழுவும். முழுமை காண விலகினால் நுட்பம் மறையும். எனவே காண்பவர் அதன் பக்கவாட்டில் அடியெடுத்து நகர வேண்டும். அவ்வாறு நகரும்போது அந்த வெண்ணாடைப் பெண்ணோடு நாமும் வீட்டுக்குள் நடக்கிறோம்.

பொருள்களும் கவனிக்கத்தக்கவை. தாள்களை மாவுப் பசையால் அடுக்கடுக்காக ஒட்டி, வழுவழுப்பாகத் தேய்த்து ஆக்கிய ‘வஸ்லி’ தாள், செடிகொடிகளின் சாயம், உலர்நிறப் பொடி, நீர்வண்ணம், இவற்றோடு தேநீர். ஏட்டுக்குப் பழமையின் பழுப்பைத் தரத் தேநீர் பூசுவது இக்கலையில் வழங்கும் முறைதான். ஆனால் வீட்டு வாழ்வையே பொருளாகக் கொண்ட ஓவியத்தில், எந்த அடுக்களையிலும் கொதிக்கும் அந்த நீர் சுவர்களின் நிறமாக ஊறிக் கிடப்பதை வெறும் தொழில்நுட்பம் என்று கடந்துபோக நமக்கு மனம் வரவில்லை.

இனி நாம் மாறுபடும் இடத்திற்கு வருவோம். வீட்டுக்குள் அலையும், முகம் தெரியாத முஸ்லிம் பெண் என்றவுடன் ஒரு விளக்கம் ஆயத்தமாக எழுந்து நிற்கிறது: இவள் சிறைப்பட்டவள், வீடு சிறை, முகமின்மை திரையின் குறியீடு. சிக்கந்தரின் பிற்காலப் படைப்புகளையும் மேலை உலகில் பலர் இந்தத் திறவுகோலைக் கொண்டே திறக்க முயன்றனர். காலச் சூழலும் இவ்விளக்கத்திற்குத் துணை நிற்பதை நாம் மறுக்கவில்லை. ஜியாவுல் ஹக்கின் ஆட்சி 1977 முதல் 1988 வரை நீடித்தது. ஹுதூத் சட்டங்கள் 1979இல் வந்தன. பெண்களின் சாட்சியத்தைக் குறைத்து மதிப்பிடும் சட்ட முன்மொழிவை எதிர்த்து லாகூர்ப் பெண்கள் 1983 பிப்ரவரி 12 அன்று வீதியில் இறங்கித் தடியடி பட்டனர். எழுத்தணிக் கலைக்கு அரசின் ஆதரவு பெருகியது. உருவம் தீட்டியோர் ஒதுக்கப்பட்டனர். அந்நகரில் வளர்ந்த பெண்ணின் ஓவியத்தில் அதன் நிழல் விழாதிருக்குமா?

விழுந்திருக்கலாம். ஆனால் ஓவியத்தில் வீடு எப்படி வரையப்பட்டுள்ளது என்பதைப் பார்க்காமல் அது எதற்குக் குறியீடு என்று முடிவு செய்வது திறனாய்வாகாது. சிறையை வரைபவர் சுவரை வரைவார். சிக்கந்தரோ சுவர்களைத் திறந்து வைக்கிறார். பாரசீக ஏடுகளில் நாம் காண்பதுபோல, தரை மேலிருந்து பார்த்தபடியும் சுவர் நேர்முகமாகவும் அமைய, அகமும் புறமும் ஒரே வேளையில் கண்ணுக்குப் படுகின்றன. ஒரே புள்ளியில் நிற்கும் கண்ணுக்கு இத்தகைய வீடு கிடையாது. அறையறையாக வாழ்ந்து நினைவில் அடுக்கிய ஒருவருக்கே கிடைக்கும். இளமையில் தாம் வாழ்ந்த இல்லத்தையே அவர் ஓவியமாக்கினார் என்பது இங்கு நினைவுகொள்ளத்தக்கது.

இம்மரபின் சிகரம் ஒன்றை அருகில் வைத்துப் பார்த்தால் நாம் சொல்வது விளங்கும். ஹிராத்தில் சுல்தான் ஹுசைன் பைகராவுக்காக எழுதப்பட்ட ஸஅதியின் ‘பூஸ்தான்’ பிரதியில், ஹிஜ்ரி 893இல், அதாவது 1488இல், பிஹ்ஸாத் தீட்டிய யூசுஃப்–சுலைகா ஓவியம் அது. இன்று கெய்ரோவின் தாருல் குதுபில் உள்ளது. நபி யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றில் கதவுகள் அடைக்கப்பட்டதைத் திருமறையின் பன்னிரண்டாம் அத்தியாயம் கூறுகிறது. அதைக் கவிஞர் ஜாமி, ஒன்றனுள் ஒன்றாக ஏழு அறைகள் கொண்ட மாளிகையாக விரித்தார். பிஹ்ஸாத் அம்மாளிகையை வரைந்தார்: மடங்கி மடங்கி ஏறும் படிகள், ஒன்றன்பின் ஒன்றாக மூடிய கதவுகள், ஆளரவமற்ற அறைகள், மேலே ஒரு மூலையில் மட்டும் பற்றியிழுக்கும் சுலைகாவும் விலகி விரையும் யூசுஃபும். ஏட்டின் பெரும்பகுதியில் மனிதரே இல்லை. கதையைக் கட்டடமே சொல்கிறது.

ஜாமியின் காப்பியத்தில் இன்னொரு செய்தி உண்டு. யூசுஃப் எங்கே திரும்பினாலும் தன்னையே காணும்படி, தங்கள் இருவரின் உருவங்களையும் உள்ளறையின் சுவர்களில் தீட்டச் செய்திருந்தாள் சுலைகா. தன்னுருவத்தால் சுவரை நிரப்பிப் பிறர் பார்வையைச் சிறைப்பிடிக்கும் கட்டடம் அது. பிஹ்ஸாத் அந்த உருவங்களை வரையவில்லை. கொடிக்கோலங்களையும் எழுத்தையும் மட்டுமே சுவர்களில் இட்டார். தம் பெயரையும் ஆண்டையும் அக்கட்டடத்தின் எழுத்துப் பட்டைகளுக்குள்ளேயே பொதிந்து வைத்தார். ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் லாகூர் மாணவி மேற்கொண்டதும் அதே ஒழுக்கம்தான். காண்பவரைப் பிடித்து நிறுத்தும் முகத்தை விலக்கிவிட்டு, வீட்டின் அமைப்பில் தம்மை எழுதிவைக்கிறார்.

அவ்வெண்ணாடையை இன்னும் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். சுற்றிலும் நிறங்கள் அழுத்தமாகப் பதிந்திருக்க, அவள் உருவம் மட்டும் மெல்லிய வெண்பூச்சாகப் படிந்து, ஆவிபோல் நிற்கிறது. பின்னணியிலிருந்து அவளைப் பிரித்தெடுப்பது கடினம். வீட்டைக் கடந்துசெல்பவள் அவள் என்று முதலில் நினைக்கிறோம். சிறிது நேரம் பார்த்தபின், வீடுதான் அவள் வழியே கடந்துபோகிறதோ என்று தோன்றத் தொடங்குகிறது. மறைக்கப்பட்டவளின் சாயல் இதில் இல்லை. எங்கும் நுழையவும் எதையும் காணவும் உரிமை பெற்றவளாகவே அவள் உலவுகிறாள், காணப்படுவதற்குத்தான் உடன்படவில்லை.

உருவம் வரைதல் ஆகுமா என்னும் நெடிய வாதத்தை இங்கு நாம் திறக்கப்போவதில்லை. பள்ளிவாசலின் சுவர் ஏற்காத உருவத்தை நூலின் ஏடு ஏற்றுக்கொண்ட வரலாறு பல நூற்றாண்டு நீளமுடையது என்று மட்டும் சொல்லிவைப்போம். சிக்கந்தரின் முகமின்மையை அவ்வாதத்திற்குச் செய்த சமரசமாகக் காட்டுவோரும் உளர். வீட்டார் உருவங்கள் ஓவியம் முழுதும் இருக்கையில் இது எப்படிப் பொருந்தும்? விலக்கு அவளுக்கு மட்டுமே உரியது. காரணம், பார்ப்பவள் அவள். பார்க்கும் கண்ணைத் தானே பார்க்க இயலாது.

குறைகளே இல்லை என்று சொல்லமாட்டோம். தம் கைத்திறனை ஆசிரியர் முன் நிறுவியாக வேண்டிய மாணவியின் பதற்றம் சில பகுதிகளில் தெரிகிறது. விரிப்பு, கல்தளம், மரப்பலகை என எல்லாப் பரப்பும் ஒரே அளவு நுணுக்கத்தோடு நிரப்பப்பட்டிருப்பதால், கண் இளைப்பாற இடமின்றித் தவிக்கிறது. பிஹ்ஸாத் வெற்றறைகளை விட்டுவைக்கும் துணிவு கொண்டிருந்தார். அத்துணிவு இருபது வயதைக் கடந்திருந்த அம்மாணவிக்கு இன்னும் வாய்த்திருக்கவில்லை.

ஆனால் இறுதிக் காட்சியைக் குறை என்று சொல்வோரோடு நாம் உடன்படவில்லை. தன்னையே தீட்டுபவளாகக் காட்டி முடித்தது, அதுவரை பூடகமாக இருந்ததை உடைத்துச் சொல்வதாகிவிட்டது என்று தோன்றலாம். மேலை ஓவியத்தை அளவுகோலாகக் கொண்டால் அப்படித்தான் தோன்றும். முகலாய ஏடுகளை அறிந்தவருக்கு அந்த இடம் பழக்கமானது. இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள நிஜாமியின் ‘கம்ஸா’ பிரதியை எடுத்துக்கொள்வோம். 1595இல் அக்பருக்காக எழுதி முடிக்கப்பட்ட அந்நூலின் கடைசி ஏட்டில், ஜஹாங்கீரின் ஆணைப்படி ஓவியர் தவ்லத் பின்னர் ஒரு சித்திரம் சேர்த்தார். எழுத்தாளர் அப்துர் ரஹீம் எழுதிக்கொண்டிருக்கிறார். எதிரே அமர்ந்து அவரைத் தீட்டிக்கொண்டிருப்பவர் தவ்லத். கதைகளெல்லாம் முடிந்த பின், நூல் முடிப்புரை நிற்க வேண்டிய இடத்தில், வேலை செய்யும் நிலையில் ஓவியர் தம்மைக் காட்டிக்கொள்கிறார். சிக்கந்தரின் இறுதிக் காட்சி அத்தகைய ஒரு முடிப்புரை. இவ்வீட்டை ஆக்கியவர் இவர் என்னும் ஒப்பம். தவ்லத் தம் முகத்தைக் காட்டினார். சிக்கந்தர் தூரிகை பிடித்த நிலையை மட்டும் காட்டுகிறார். ஆணையிட்ட பேரரசர் எவரும் இங்கில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பின்னர் நடந்தவை பலரும் அறிந்தவை. ‘சுருள்’ பெற்ற வரவேற்பால் கல்லூரியின் நுண்ணோவியத் துறைக்குப் புதிய ஈர்ப்பு உண்டாயிற்று. சிக்கந்தரே சிறிது காலம் அங்கு கற்பித்தார். 1993இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் வடிவமைப்புக் கல்லூரிக்குச் சென்று முதுநிலைப் பட்டம் பெற்றார். அசையும் படம், கண்ணாடிப் பதிகல், வெண்கலம் என்று அவர் ஊடகங்கள் விரிந்தன. 2021இல் நியூயார்க்கின் மோர்கன் நூலகத்தில் அவரது தொடக்ககாலப் படைப்புகள் காட்சிக்கு வந்தபோது ‘சுருள்’ மீண்டும் பரவலாகப் பேசப்பட்டது.

2024 ஜூலை 8ஆம் நாள், ஹூஸ்டன் நகரைப் புயல் தாக்கிய இருளில், அங்குள்ள பல்கலைக்கழக வளாகத்தில் நின்ற அவருடைய ‘சாட்சி’ என்னும் பதினெட்டடிப் பெண் சிலையின் தலையை யாரோ உடைத்தெடுத்தனர். சரிசெய்து தருவதாக முன்வந்தபோது சிக்கந்தர் அதை ஏற்கவில்லை. தலையில்லாமலேயே நிற்கட்டும் என்றார். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு நீண்ட தாளில் வெண்ணாடைப் பெண்ணின் முகத்தைத் தாமே வரையாமல் விட்ட கை அது. இரண்டு முகமின்மையும் ஒன்றல்ல என்பதை அவரைவிட நன்கறிந்தவர் யார்?