தோணியும் பாடும்: திருகோணமலைக் கரையோர மீன்பிடியில் சமூக முகாமைத்துவம் – ஒரு திறனாய்வு

ஈழத்துச் சிறுகதை வரலாற்றில் மூதூர் வ. அ. இராசரத்தினத்தின் ‘தோணி’ தனியிடம் பெறுவது. அப்பெயர் தாங்கிய தொகுதி 1962இல் வெளிவந்து சாகித்திய மண்டலப் பரிசும் பெற்றது. தனக்கென ஒரு தோணி வேண்டும் என்னும் மீனவச் சிறுவனின் ஏக்கமே கதையின் உயிர்நாடி. மண்வாசனை கருதியே இக்கதை பெரிதும் பேசப்படுகிறது. நாம் அதனை வேறொரு வினாவுக்குச் சான்றாகக் கொள்கிறோம். கரையோர மீன்வளத்தை மீனவச் சமூகமே ஆளவேண்டும் என இன்று பலரும் கூறுகின்றனர். அச்சமூகத்தில் தோணியில்லாதவனுக்குரிய இடம் யாது?

சமூக முகாமைத்துவம் நமக்குப் புதியதன்று. வடகீழ்ப் பருவக்காற்று ஓய்ந்து கடல் அமைதியுறும் மாதங்கள் திருகோணமலைப் பகுதியின் கரைவலைக் காலமாகும். வலையின் ஒரு கயிற்றைக் கரையில் விட்டுத் தோணி கடலுக்குள் வளைந்து சென்று மறுகயிற்றைக் கரைக்குக் கொணரும். இரு மருங்கும் ஆட்கள் நின்று இழுக்க, மடியில் மீன் சேரும். வலை வளைக்கும் நீர்ப்பரப்பே ‘பாடு’ எனப்படும். ஒரு பாட்டில் ஒரே வேளையில் இரு வலைகள் வளைக்க இயலாது. ஆதலால் முறை வகுத்தல் இன்றியமையாததாயிற்று. வன்னிக் கரையில் ‘வலைப்பாடு’ என ஓர் ஊரே இருத்தல் இச்சொல்லின் வேரூன்றிய தன்மையைக் காட்டும். சட்டநூல் எழுதப்படுமுன்னரே கடலுக்கு ஒழுங்கு இருந்தது என்பது இதனாற் பெறப்படும்.

இத்தகைய ஒழுங்குகளைப் போற்றுவோர் கூறுவதில் உண்மை உண்டு. இலங்கையின் தென்கரையிலுள்ள மாவெல்லவில் கரைவலை முறை சீர்குலைந்ததை போல் அலெக்சாண்டர் 1982இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தார். எலினோர் ஒஸ்ரொம் 1990இல் அதனைத் தோல்வியுற்ற பொதுவள ஏற்பாடுகளுள் ஒன்றாக எடுத்துக்காட்டினார். அங்கு விதி இல்லாமலில்லை. வலைகளின் தொகை பெருகியபோது அதனைத் தடுக்கும் வலிமையே கரையிலுள்ளோரிடம் இருக்கவில்லை. உள்ளூர் விதியை உள்ளூரார் காக்க இடமளியாத அரசு, அவ்விதியை அழிப்பதற்குத் துணைபோகிறது எனலாம்.

ஆயின் இவ்வாதம் பாதி உண்மையே. தமிழ்நாட்டின் பழவேற்காட்டு ஏரியிலும் ‘பாடு’ என்ற பெயராலேயே மீன்பிடி முறை பகிரப்பட்டு வந்துள்ளது. உரியோரிடையே அது நீதியான பங்கீடு. ஆனால் அவ்வுரிமை ஒரு சாதியாருக்கே உரியதாகப் பேணப்பட, ஏனையோர் புறத்தே நின்றனர். முறை வகுக்கும் நீதியும் புறந்தள்ளும் அநீதியும் ஒரே விதியின் இரு பக்கங்கள் என்பது மனங்கொளத்தக்கது.

திருகோணமலையில் இச்சிக்கல் பன்மடங்காகிறது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூவினத்தாரும் இங்கு ஒரே கடலில் தொழில் செய்கின்றனர். பருவந்தோறும் வெளியூர் மீனவர் வந்து வாடியமைத்துத் தங்கும் வழக்கமும் உண்டு. காயத்திரி லொக்குகே 2017இல் வாகனிங்கன் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேட்டின் தலைப்பே மீனுக்கும் இனம் உண்டு எனக் கூறுகின்றது. போருக்குப் பிந்திய இக்கரையில் ஆண்களினதும் பெண்களினதும் வாழ்வாதாரங்களை அவ்வாய்வு நுணுகி நோக்குகின்றது. இந்நிலையில் ‘சமூகம்’ என்ற ஒருமைச் சொல் எதனைக் குறிக்கும் என வினவுதல் தகும்.

1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டம் முகாமைத்துவப் பகுதிகளைப் பிரகடனம் செய்யவும் அவற்றுக்கு மீனவர் குழுக்களை அமைக்கவும் வழிசெய்தது. இது வரவேற்கத்தக்கதே. எனினும் குழுவில் யாருடைய குரல் ஓங்கும் என்பதே நமது ஐயம். கயிறு இழுப்போருக்குப் பதிலாக உழவு இயந்திரத்தைக் கொண்டு கரைவலை இழுக்கும் வழக்கம் இலங்கையின் பல கரைகளில் புகுந்துள்ளது. வலை உடைமையாளருக்கு அது செலவுக் குறைப்பு. இழுவைப் பங்கை நம்பி வாழ்பவனுக்கு வேலையிழப்பு. உடைமையாளர் மட்டும் கூடி இதனை முடிவுசெய்யின், அதனைச் சமூகத்தின் முடிவு எனல் பொருந்துமா? கரையில் மீன் தெரிந்தும் கருவாடு போட்டும் உழைக்கும் பெண்களுக்கும் இவ்வினா உரியது.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையின் பின்னரும் இதே வினாவே எழுந்தது. தோணி இழந்தவனது இழப்பு எண்ணக்கூடியது. அவனது தோணியில் கூலிக்குச் சென்றவனது இழப்பு எந்தக் கணக்கில் அடங்கும்?

ஆதலின் சமூக முகாமைத்துவத்தை நாம் மறுக்கவில்லை. அதன் வாக்காளர் பட்டியலையே திருத்தக் கோருகிறோம். உடைமையாளர், கூலியாளர், பெண்கள், பருவத்தில் வந்துபோவோர் என நால்வகையினருக்கும் தனித்தனி இருக்கை வேண்டும். பாட்டின் முறையை வகுப்பது போன்றே பங்கின் அளவை வகுப்பதும் குழுவின் கடமையாதல் வேண்டும். தோணியை உடையவன் கடலையும் உடையவன் ஆகிவிடின், இராசரத்தினம் படைத்த சிறுவனின் ஏக்கம் இன்னொரு தலைமுறைக்கும் தொடரும்.