வாய் மேலே இருக்கட்டும்

ஜூலைக் கடைசியில் அமெரிக்காவின் ஓஷ்கோஷ் விமானக் கண்காட்சியில் வீட்டுக் கொட்டகையில் பிறந்த விமானங்கள் வரிசை கட்டி நிற்கும். எல்லோரும் பெயிண்டையும் பேனலையும் பார்த்து உச்சுக்கொட்டிக்கொண்டு போவார்கள். நான் கவுலிங், அதாவது என்ஜின் மூடி, கழற்றிய விமானமாகத் தேடுவேன். கண் நேரே நாலாம் சிலிண்டரின் பின்பக்கம் போகும். சிலிண்டர்களுக்குக் காற்றைத் திருப்பும் பேஃபிள் தகட்டில் ஏறி உட்கார்ந்திருக்கும் ஆயில் கூலரின் வாய் இரண்டும் மேலே பார்த்தால், கட்டியவரை எனக்குப் பிடித்துவிடும். ரிவெட்டெல்லாம் அப்புறம்.

ஒரு பழைய ஆர்வி-6 விமானம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஹோஸ்கள் மேலிருந்து அகலமாக வளைந்து, எதிலும் உரசாமல் இறங்கின. கூலரின் பாரம் முழுவதும் பேஃபிள் தகட்டில் விழாதபடி ஒரு பிரேஸ், அதுவும் என்ஜினிலிருந்தே. என்ஜினுக்குப் பின்னாலுள்ள ஃபயர்வால் சுவரிலிருந்து கொடுத்திருந்தால் கெட்டது. என்ஜின் ரப்பர் மேல் ஆடும், சுவர் ஆடாது, நடுவில் தகடு விரிசல் விடும்.

வாய் கீழே வைப்பவர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு. ஆயில் மாற்றும்போது கூலரும் வடியும். மேலே வைத்தால் பழைய கறுப்பு உள்ளேயே தங்கும். வாஸ்தவம். ஆனால் குடத்தைக் கவிழ்த்துக் குளத்தில் அமுக்கிப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: வாய் கீழே இருந்தால் கூலரின் மேல் வரிசைகள் காற்றைப் பிடித்துக்கொண்டு வெட்டியாக இருக்கும். பம்பின் வேகம் அதைத் தள்ளிவிடும் என்பார்கள். பெரும்பாலும் தள்ளும். 'பெரும்பாலும்' என்ற சொல்லை நம்பி நான் ஏறுவதில்லை.

பக்கவாட்டுக்காரர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆயில் கீழ்வாயில் நுழைந்து மேல்வாயில் வெளியேறினால் சரி. கூலரைப் படுக்கவைப்பவர்களிடம்தான் ஒரு கேள்வி. வால்சக்கர விமானம் தரையில் மூக்கைத் தூக்கி நிற்கும்போது கூலரின் உச்சி ஒரு மூலை, பறக்கும்போது வேறு மூலை. எதை நம்பி வாய் வைத்தீர்கள்?

இப்போது கூலர் பிராக்கெட் முதற்கொண்டு பெட்டியில் வருகிறது. படத்தைப் பார்த்து முடுக்கிவிடுகிறார்கள். 180 டிகிரி ஃபாரன்ஹீட்டில் நிற்க வேண்டிய லைகமிங் என்ஜினின் ஆயில் 220-ஐத் தொட்டால், ஏழு வரிசைக் கூலரைக் கழற்றிப் பதின்மூன்று வரிசைக் கூலர் வாங்குகிறார்கள். காற்று வெளியேற வழியிருக்கிறதா, ஆயில் எந்தப் பக்கமிருந்து ஏறுகிறது என்று குனிந்து பார்க்க ஆளில்லை.

அந்த ஆர்வி-6-ஐக் கட்டிய பெரியவர் ஹோஸ் மாட்டுமுன் ஒரு வாயில் புனல் வைத்துப் புது ஆயிலைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினாராம். மற்ற வாயில் குமிழி நின்று, ஆயில் விளிம்புக்கு வந்த பிறகுதான் ஸ்பானரை எடுத்தாராம்.