வீட்டின் விலையை வாடகை சொல்லட்டும்

வாடகை கொடுப்பது ஆற்றில் கரைத்த புளி, அதையே மாதத் தவணையாகக் கட்டினால் வீடு சொந்தமாகும் என்று ஒரு பேச்சு உண்டு. சென்னையில் வேலையில் சேர்ந்து நாலைந்து வருடம் ஆன யாரும் இதைப் பெற்றோரிடமோ அலுவலக நண்பரிடமோ கேட்காமல் இருந்திருக்க முடியாது. அதை நம்பிப் பலர் இருபது ஆண்டுக் கடனுக்குக் கையெழுத்துப் போடுகிறார்கள். ஒரு குடும்பம் தன் ஆயுளில் எடுக்கும் மிகப் பெரிய பண முடிவு இது. இதைப் பழக்கத்தின் பேரில் எடுக்கக் கூடாது, கணக்குப் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

சென்னையில் வீட்டு விலை நியாயமானதா என்ற கேள்வியை மூன்று அளவுகோல்களால் அளக்கலாம். வாங்குபவரின் வருமானத்துக்கு விலை பொருந்துகிறதா? அந்த வீடு தரக்கூடிய வாடகைக்குப் பொருந்துகிறதா? கொடுக்கும் பணத்துக்கு நிலமாகவும் கட்டடமாகவும் கைக்கு வருவது என்ன?

முதலில் வருமானம். வீட்டுக் கடன் வாங்கியவர்களின் விவரங்களை வைத்து இந்திய ரிசர்வ் வங்கி 13 நகரங்களில் நடத்திய ஆய்வை 2019-இல் வெளியிட்டது. வீட்டின் விலை மாத வருமானத்தைப் போல 2015 மார்ச்சில் 56.1 மடங்காக இருந்தது, 2019 மார்ச்சில் 61.5 மடங்கானது. ஐந்து ஆண்டு வருமானம்தானே என்று தோன்றும். ஆனால் இந்த ஆய்வு கடன் கிடைத்தவர்களை மட்டுமே கணக்கில் எடுத்தது. வங்கி வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர்களும், விலையைக் கேட்டதுமே விலகிவிட்டவர்களும் அதில் இல்லை. அவர்களையும் சேர்த்தால் மடங்கு இன்னும் கூடும். உலக நகரங்களை ஒப்பிடும் டெமோகிராஃபியா அறிக்கை, ஆண்டு வருமானத்தின் மூன்று மடங்குக்குள் இருந்தால்தான் வீட்டு விலை கட்டுப்படியாகும் என்கிறது. ஐந்து மடங்கைத் தாண்டினால் கடுமையான நிலை என்பது அதன் கணக்கு. கணவன் மனைவி இருவரும் சேர்ந்து மாதம் ஒரு லட்சம் சம்பாதிக்கும் குடும்பம் 80 லட்ச ரூபாய் ஃப்ளாட்டை வாங்கினால், அது ஏறக்குறைய ஆறே முக்கால் ஆண்டு வருமானம். முதல் அளவுகோலில் விலை அதிகம்தான்.

இரண்டாவது அளவுகோல் வாடகை. எனக்கு இதுவே முக்கியமானது. வாடகையில் ஊக வணிகம் நடப்பதில்லை. பத்து வருடம் கழித்து இங்கே விலை ஏறும் என்று எண்ணி யாரும் கூடுதல் வாடகை கொடுப்பதில்லை. இன்று அந்த வீட்டில் குடியிருப்பதன் பயன் எவ்வளவோ அதற்கே கொடுக்கிறார்கள். ஆகவே குடியிருப்பதற்கான விலையை வாடகைதான் காட்டுகிறது.

அந்த 80 லட்ச ரூபாய் இரண்டு படுக்கையறை ஃப்ளாட்டையே எடுத்துக்கொள்வோம். வாடகை 20,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 2.4 லட்சம், அதாவது விலையில் 3 சதவீதம். இந்திய நகரங்களில் வாடகை வரவு பெரும்பாலும் 2 முதல் 4 சதவீதத்துக்குள் நிற்பதால் இது விதிவிலக்கான எடுத்துக்காட்டு அல்ல. 33 ஆண்டு வாடகையை ஒரே நாளில் கொடுத்து அந்த வீட்டை வாங்குகிறோம்.

கடனில் வாங்கினால் கணக்கு இன்னும் கடுமையாகிறது. இந்த அளவுக் கடனில் வங்கி விலையில் 80 சதவீதம் வரைதான் தர முடியும். 64 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு என்று வைத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 55,500 ரூபாய். முதல் மாதத் தவணையைப் பிரித்துப் பாருங்கள். அதில் 45,333 ரூபாய் வட்டி, அசலில் கழிவது பத்தாயிரத்துச் சொச்சம். வாடகை வீட்டில் 20,000 ரூபாய் வீணாகப் போகிறது என்று வருந்தியவர், சொந்த வீட்டில் திரும்பி வராத வட்டியாக மட்டும் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கொடுக்கிறார். கடன் முடியும்போது 64 லட்சத்துக்குத் திருப்பிக் கட்டியது 1.33 கோடி.

கைப்பணமும் இருக்கிறது. முன்பணம் 16 லட்சம். 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரையிலான புது ஃப்ளாட்டுக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 5, பதிவுக் கட்டணம் 2, ஆக 7 சதவீதம். அது 5.6 லட்சம். கட்டி முடிக்காத வீடாக இருந்தால் 5 சதவீத ஜி.எஸ்.டி. தனி. அதை விட்டுவிட்டாலும் 21.6 லட்சம் ஆகிறது. வைப்பு நிதியில் 7 சதவீதம் கிடைக்கும் என்று வைத்தால் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வருமானம் போகிறது. முதல் ஆண்டு வட்டி 5.4 லட்சத்தோடு இதைச் சேர்த்து, மிச்சமாகும் வாடகை 2.4 லட்சத்தைக் கழித்தால், குடியிருக்கும் பயனுக்கு மேல் நான்கரை லட்சம் கூடுதல் செலவு. வீட்டின் விலை ஆண்டுக்கு ஐந்தரை சதவீதத்துக்கு மேல் ஏறினால்தான் இது சரிக்கட்டும். ஏறலாம், ஏறாமலும் போகலாம். வாங்குபவர் தெரிந்தோ தெரியாமலோ அந்த ஏற்றத்தின் மேல் பந்தயம் கட்டுகிறார்.

வட்டியும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ விகிதம் 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்தது, அது 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆனது. தவணைத் தொகை மாறாத பலருக்குக் கடன் ஆண்டுகள் சத்தமில்லாமல் நீண்டன. வரிச் சலுகை என்ற பழைய சமாதானமும் வலுவிழந்துவிட்டது. சொந்தக் குடியிருப்புக்கான 2 லட்ச ரூபாய் வட்டிக் கழிவு பழைய வரிமுறையில்தான் உண்டு. இப்போது இயல்பாக அமையும் புதிய முறையில் அது இல்லை.

மூன்றாவது அளவுகோலில், வாங்கும் பொருளையே பார்ப்போம். 1,000 சதுர அடி என்று விற்கப்படும் ஃப்ளாட்டில் சுவர், படிக்கட்டு, லிஃப்ட், நடைவழி ஆகியவற்றின் பங்கு போக உள்ளே புழங்கும் இடம் பெரும்பாலும் 700 சதுர அடிச் சொச்சம்தான். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வந்த பிறகு இந்தக் கார்ப்பெட் ஏரியாவைப் பில்டர் எழுத்தில் தந்தாக வேண்டும். கட்டுமானச் செலவு சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று வைத்தாலும் கட்டடத்தின் மதிப்பு 25 லட்சம். 80 லட்சத்தில் மீதி 55 லட்சம் நிலத்துக்கும் அனுமதிகளுக்கும் பில்டரின் வட்டிக்கும் லாபத்துக்கும் போகிறது. அந்த நிலத்தில் நமக்கு வருவது யு.டி.எஸ். எனும் பிரிக்கப்படாத பங்கு மட்டுமே. காலப்போக்கில் விலை ஏறுவது அந்தப் பங்குதான், கட்டடம் தேய்ந்துகொண்டே போகும். மாடிகள் உயர உயர ஒவ்வொருவரின் பங்கும் சுருங்குகிறது. மனை வாங்கிய தாத்தாவுக்குக் கிடைத்த லாபத்தைப் பதினான்காம் மாடி ஃப்ளாட்டிலும் எதிர்பார்ப்பது தவறு.

இவ்வளவு விலை எப்படி நிற்கிறது? குடியிருக்க வாங்குபவர்கள் மட்டும் விலையைத் தீர்மானிப்பதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்திய நகரங்களில் சுமார் 1.1 கோடி வீடுகள் ஆளில்லாமல் இருந்தன. அடுத்த ஆண்டே மத்திய அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறையை 1.88 கோடி என்று மதிப்பிட்டது. வீடில்லாதவர்களும் பூட்டிய வீடுகளும் ஒரே நகரத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதற்குக் காரணம், நிலம் நம் நாட்டில் தங்கத்தைப் போலச் சேமிப்புப் பெட்டகமாகிவிட்டதுதான். வெளிநாட்டுச் சம்பளமும், அரசின் வழிகாட்டி மதிப்புக்கு மேல் கைமாறும் கணக்கில் வராத பணமும் அந்தப் பெட்டகத்துக்குள் வருகின்றன. மாதச் சம்பளக்காரர் அவற்றோடு போட்டி போட வேண்டியிருக்கிறது.

எதிர்வாதங்களில் மூன்று கனமானவை. தவணை நிலையானது, வாடகை ஏறும் என்பது ஒன்று. ஏறட்டும்: ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினாலும் 20,000 ரூபாய் வாடகை இருபது ஆண்டு கழித்துத்தான் 53,000-ஐத் தொடும். முதல் நாளிலிருந்தே கட்டிய தவணையை அப்போதும் எட்டவில்லை. இரண்டாவது, கடன் இருந்தால்தான் சேமிப்போம், இல்லாவிட்டால் செலவழித்துவிடுவோம் என்பது. இதில் உண்மை இருக்கிறது. தவணை கட்டாததால் மிச்சமாகும் 35,000 ரூபாயை மாதாமாதம் ஒதுக்கி வைக்கும் ஒழுக்கம் இல்லாதவருக்கு வாடகை வீடு லாபம் தராது.

மூன்றாவதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். வாடகைக்காரருக்கு இந்த நகரம் மரியாதை தருவதில்லை. சாதி, மதம், சாப்பாடு கேட்டு வீடு மறுக்கிறார்கள். தனியாக வாழும் பெண்ணிடம் ஆயிரம் கேள்வி கேட்கிறார்கள். பத்து மாத அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு காலி செய்யும்போது சுண்ணாம்புக்கென்று பிடித்துக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையை முன்பண அளவாகச் சொன்னாலும் நடைமுறை பெரிதாக மாறவில்லை. ஆண்டுதோறும் பிள்ளையின் பள்ளியை மாற்ற முடியாத குடும்பத்துக்கு நிலைத்த கூரையின் மதிப்பு எந்தக் கணக்கிலும் முழுமையாக அடங்காது. அதற்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுப்பதை மடமை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நிம்மதியின் விலை வாடகையைவிட மாதம் 35,000 ரூபாய் அதிகமாக இருக்க முடியாது.

அப்படியானால் மலிவான இடம் தேடி வெளியே போய்விடலாமா? மலிவு என்பதன் உண்மையான அளவைச் சென்னையின் ஓரத்தில் உள்ள கண்ணகி நகர் காட்டியது. கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களுக்கு 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து அங்கே வீடு தரப்பட்டது, பிறகு பெரும்பாக்கத்தில் அடுக்குமாடிகள் எழுந்தன. வீடு கிடைத்தது, பிழைப்பு இருபது கிலோமீட்டர் பின்னால் நின்றுவிட்டது. வீட்டு வேலை செய்த பெண்கள் பலர் வேலை இழந்தார்கள், பிள்ளைகள் பள்ளியை விட்டார்கள், சில குடும்பங்கள் பழைய இடத்துக்கே வாடகைக்குத் திரும்பின. ஏறக்குறைய இலவசமாகக் கிடைத்த வீடே கட்டுப்படியாகாமல் போனது என்றால், விலைப்பட்டியல் மட்டும் மலிவைத் தீர்மானிப்பதில்லை.

சம்பளக்காரருக்கும் இதே கணக்குதான். வேலைக்கு 30 கிலோமீட்டர் தள்ளி வாடகை 7,000 ரூபாய் குறைகிறது என்று போகிறோம். இருவரும் வண்டியில் போய்வந்தால் பெட்ரோலுக்கே ஆளுக்கு மாதம் 3,300 ரூபாய் ஆகும். மிச்சம் காணாமல் போகும், மாதத்தில் அறுபது மணி நேரமும் சாலையில் கழியும். அதே தூரம் புறநகர் ரயில் பாதையில் இருந்தால் சீசன் டிக்கெட்டில் செலவு சொற்பம், நேரமும் நிச்சயம். அதனால் தாம்பரம், செங்கல்பட்டு பாதையிலும் அம்பத்தூர், ஆவடி பாதையிலும் நிலையத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் உள்ள வீடுகளை முதலில் பார்க்க வேண்டும் என்பேன். மெட்ரோ வரப்போகிறது என்று விற்கப்படும் இடங்களில் எச்சரிக்கை தேவை. 118.9 கிலோமீட்டர் இரண்டாம் கட்டத்தின் விலையேற்றத்தைப் பல இடங்களில் ரயில் ஓடுவதற்கு முன்பே வாங்குபவர் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

தண்ணீரை மறக்கக் கூடாது. ஏப்ரல், மே மாதங்களில் லாரித் தண்ணீருக்கு எவ்வளவு போனது என்று குடியிருப்போர் சங்கத்தின் கணக்கைக் கேளுங்கள். 2015 பெருவெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தெருவில் எந்த உயரத்துக்கு வெள்ளம் நின்றது என்று மூலைக்கடைக்காரரைக் கேளுங்கள். வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணை பகுதிகளில் ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் விடை மாறும். அடிமாட்டு விலைக்கு வரும் வீட்டில் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றோ, பட்டாவில் சிக்கலோ இருக்கும்.

என் தீர்ப்பு இது. சென்னையில் வாடகை அதிகமில்லை, குடியிருக்க வாங்குபவருக்கு விலைதான் அதிகம். ஆண்டு வாடகையின் 20 மடங்குக்குள் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். நல்ல நிலப் பங்குள்ள பழைய ஃப்ளாட்டுகளில் இந்த அளவை நெருங்க வாய்ப்பு அதிகம். 25 மடங்கு வரை, அங்கேயே பத்து ஆண்டு இருப்பது உறுதியானால், ஒருவர் வேலை போனாலும் ஆறு மாதத் தவணைக்குக் கையிருப்பு இருந்தால் வாங்கலாம். 30-ஐத் தாண்டினால் வேலைக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருந்து மிச்சத்தைச் சேமிப்பதே அறிவுடைமை.

இந்தத் தீர்ப்பின்படி வாழ, வாடகைக்காரருக்கு நிலைத்த இருப்பு வேண்டும். அதைத் தனி ஆள் வாங்க முடியாது, அரசுதான் தர முடியும். வேலைக்குப் போகும் பெண்களுக்குத் தோழி விடுதிகளை அரசு நடத்துகிறது. ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பை 2024-இல் திறந்தது. வேலைக்கு அருகே கட்டி வாடகைக்கு விட முடியும் என்பதற்கு இவை சான்று. அதே வேலையைக் குடும்பங்களுக்காகவும் செய்து, நியாயமான வாடகையும் நீண்ட ஒப்பந்தமும் தரட்டும். காலி செய்யச் சொல்வார்களோ என்ற அச்சம் போனால், அந்த அச்சத்தில் கையெழுத்தாகும் கடன்களும் குறையும். வீட்டு விலை இறங்க வேண்டிய இடத்துக்கு இறங்க அதைவிட நேர்வழி எனக்குத் தெரியவில்லை.