கூப்பிய கரங்களும் கூறப்படும் கதையும்

ஓவியத்தைக் கண்ணால் காண்பதா, செவியால் காண்பதா? வினா விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1508-இல் வரைந்த கூப்பிய கரங்களை நம்மில் பெரும்பாலோர் செவியால்தான் கண்டிருக்கிறோம்.

நாட்காட்டிகளிலும் வாழ்த்து மடல்களிலும் இடம்பெறும் அப்படத்தோடு ஒரு கதையும் வழங்கி வருகிறது. வறிய குடும்பத்துச் சகோதரர் இருவருள் ஒருவர் சுரங்கத்தில் உழைத்து மற்றவரை ஓவியம் பயில்விக்கிறார். அவ்வுழைப்பில் அவர்தம் விரல்கள் சிதைந்து, தூரிகை பிடிக்க ஆற்றலற்றுப் போகின்றன. அக்கரங்களையே டியூரர் நன்றியுடன் வரைந்தார் என்பது கதை. கேட்போர் நெஞ்சம் உருகும். படம் கூறுவது யாது?

கோடு, வடிவம், ஒளிநிழல், வண்ணம், வெளி ஆகியவற்றை ஓவியத்தின் உறுப்புகள் என்பர். இங்கே தாளின் நீலமே நடுநிறம். கருமையும் சாம்பலுமான மையால் நிழலையும், வெண்ணிறத்தால் ஒளியையும் தூரிகை தீட்டுகிறது. வெண்கோடுகள் தசையின் வளைவைத் தழுவிச் செல்வதால் தட்டையான தாளில் திரட்சி பிறக்கிறது. புறங்கையின் நரம்புகள் புடைத்துள்ளன. விரல்களோ நீண்டு, மெலிந்து, நுனி நோக்கிக் கூர்கின்றன. பாறை உடைத்துச் சிதைந்த விரல்களின் அடையாளம் எங்கும் இல்லை. கதையை மறுக்கும் முதற்சான்று அக்கோடுகளே.

இனி, அமைப்பு நெறிகள். மடித்த சட்டைக் கையின் மடிப்புகள் கீழே கனத்து நிற்க, விரல்கள் மேலே எழுகின்றன, இது சமநிலை. அடுத்தடுத்து உயரும் விரல்களில் சந்தம் அமைகிறது. முகமும் உடலும் பின்புலமும் விலக்கப்பட்டமையால் கரங்களே முதன்மை பெறுகின்றன. விரல்நுனிகள் மெல்லத் தொடுகின்றன. இறுக்கமில்லாத அத்தொடுதலில்தான் வழிபாட்டின் அமைதி உறைகிறது.

வரலாறும் படத்தின் பக்கமே நிற்கிறது. பிராங்க்பர்ட் வணிகர் யாக்கோப் ஹெல்லர் வேண்டிய பலிபீட ஓவியத்தில் வரும் திருத்தூதர் ஒருவருக்காக வரைந்த முன்வரைவு இது. டியூரரின் தந்தை நியூரம்பர்க் நகரப் பொற்கொல்லர். தம்பியருள் எண்ட்ரெஸ் பொற்கொல்லரானார், ஹான்ஸ் ஓவியரானார். பலிபீடத்தின் நடு ஓவியம் 1729-இல் மியூனிக் அரண்மனைத் தீயில் அழிந்தது. ஏறத்தாழ 29 செ.மீ. உயரமுள்ள இச்சிறு தாளோ வியன்னாவின் ஆல்பர்ட்டினா அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளது.

அக்கதை மக்களைக் கவர்வதில் வியப்பில்லை. தம்பியின் படிப்புக்காகத் தம் படிப்பை நிறுத்திய அண்ணன்மாரை நாம் அறிவோம். ஊர்விட்டு வந்து பொருளீட்டி உடன்பிறந்தாரைக் கரையேற்றியவர் நம் சங்கத்திலும் உளர். அத்தியாகம் போற்றத்தக்கது. அதைப் போற்ற மெய்யான மனிதர் உள்ளபோது பொய்யான சுரங்கத் தொழிலாளி எதற்கு? கதையைச் சூட்டினால் தியாகியும் கற்பனையாகிறார். ஓவியரின் உழைப்பும் மறைகிறது.

உறுப்பும் நெறியும் தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் பட்டியலென்று பலர் எண்ணுவர். பிறர் சொன்னதை விலக்கி, எதிரே இருப்பதை நேரே நோக்கக் கற்பிக்கும் கருவிகள் அவை. அடுத்த முறை இப்படம் எதிர்ப்படும்போது ஒரு நிமிடம் நின்று, அந்த வெண்கோடுகளைக் கண்ணால் பின்தொடர்வோமாக.