வணிகக் கையேட்டில் மலையகம்

விமர்சனம் என்றால் கவிதை, சிறுகதை, நாவல் ஆகியவற்றையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கருதுவோர் இன்னும் நம்மிடையே உளர். ஆனால், ஒரு நாட்டைப் பற்றி உலகோர் மனத்தில் பதியும் சித்திரத்தை உருவாக்குவதில் நாவல்களைவிட வலிமை மிக்க எழுத்து வகை ஒன்று உண்டு. வெளிநாட்டு வணிகருக்காகவும் முதலீட்டாளருக்காகவும் ஆக்கப்படும் பொருளாதார அறிமுகக் கையேடுகளையே குறிப்பிடுகின்றோம். தூதரகங்களும் அரச சபைகளும் வர்த்தக சங்கங்களும் இவற்றை இடையறாது வெளியிட்டு வருகின்றன. இவற்றில் ஆசிரியர் பெயர் இராது. உணர்ச்சியின் சாயல் இராது. எண்களும் அட்டவணைகளுமே பேசும். ஆயினும் எதைச் சொல்வது, எதை விடுவது என்னும் தேர்வு நடைபெறும் இடத்தில் ஒரு நோக்கு இருந்தே தீரும். நோக்கு இருக்கும் இடத்தில் விமர்சனத்துக்கும் வேலை உண்டு.

இக்கையேட்டுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘புரொபைல்’ என்ற பெயர், பக்கவாட்டில் நின்று பார்த்து வரைந்த முகத்தையும் குறிக்கும். அத்தகைய சித்திரத்தில் ஒரு கண்ணும் ஒரு காதுமே தெரியும். இலங்கையின் பொருளாதார முகத்தை இவ்வாறு வரையும்போது மறைந்துபோகும் மறுபக்கம் எது என்பதே நம் கேள்வி. நுவரெலியாவிலும் அட்டனிலும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் நாம் இக்கேள்வியைக் கேளாமல் இருத்தல் இயலாது.

இக்கையேடுகளின் அமைப்பு ஏறக்குறைய மாறாதது. நாட்டின் பரப்பு 65,610 சதுர கிலோமீற்றர். 2024ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி சனத்தொகை 2 கோடி 17 இலட்சத்துக்கு மேல். கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் கப்பற் பாதையை அடுத்துக் கொழும்புத் துறைமுகம். எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேல். இவ்வாறு எண்களில் நடைபோடும் எழுத்து, தேயிலை என்னும் தலைப்பை அடைந்ததும் நடை மாற்றிக்கொள்கிறது. புள்ளிவிபரம் ஒதுங்கி நிற்க, மலைச்சரிவும் மூடுபனியும் குளிர்காற்றும் பொன்னிறமும் நறுமணமும் வரிசையாக வருகின்றன. 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்ட வரலாறு தவறாமல் சொல்லப்படுகிறது. 1883இல் கொழும்பில் ஏலம் தொடங்கிய செய்தியும் வருகிறது. பக்கத்தின் ஓரத்தில் கூடை சுமந்த ஒரு பெண் புன்னகை செய்கிறாள். அவளுக்குப் பெயர் இல்லை.

அந்தப் படத்தைச் சற்று ஊன்றிப் பார்ப்போம். இன்று இலங்கைத் தேயிலையில் நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் சிறு தோட்ட உடைமையாளரிடமிருந்து வருகிறது. அதிற் பெரும்பகுதி தெற்கிலும் சப்ரகமுவையிலும் தாழ்நிலத்தில் விளைவது. எனினும் உலகச் சந்தைக்குக் காட்டப்படும் முகமோ மலையகப் பெண்ணின் முகமே. நாட்டின் விளம்பரத்துக்கு அவள் இன்றியமையாதவள். ஆனால் அவளைப் பற்றிய செய்தி கையேட்டின் எந்தப் பந்தியிலும் இடம்பெறுவதில்லை.

பெயர்களை எடுத்துக்கொள்வோம். நுவரெலியா, டிம்புல, ஊவா, உடப்புசல்லாவ, கண்டி, சப்ரகமுவ, றுகுண என்று தேயிலை விளையும் வட்டாரங்கள் ஏழாக வகுக்கப்பட்டுள்ளன. 6,000 அடிக்கு மேல் விளையும் நுவரெலியாத் தேயிலையின் சுவை வேறு, அட்டனைச் சூழ்ந்த டிம்புலத் தேயிலையின் சுவை வேறு என்று வெளிநாட்டு வணிகனுக்கு விளக்கப்படுகிறது. எந்தப் பெட்டி எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்பதை ஏலத்தில் அறிந்துகொள்ள முடியும். ஓர் இலைக்கு இத்துணைத் துல்லியமான முகவரியைத் தேடிக்கொடுத்த நாட்டில், அந்த இலையைக் கிள்ளியவர்களுள் மிகப் பலருக்கு இன்னும் தனி முகவரி கிடையாது. லயத்தில் வாழ்பவருக்கு வரும் கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்து யாரேனும் எடுத்துச் சென்று கொடுத்தால்தான் உண்டு. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு, பரீட்சை முடிந்த பின் கைக்கு வந்து சேர்ந்த கதைகளை மலையக ஆசிரியர் எவரும் அறிவர். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும் வீடும் நிலமும் தமதில்லை என்பதே இதன் அடிப்படை. ஏழு பேர்ச் காணி, தனி வீடு என்ற பேச்சு அண்மைக் காலத்தில்தான் எழுந்தது. 2017 மே மாதம் மலையகத்துக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகள் கட்டித் தருவதாக அறிவித்தார். லயங்களின் தொகையோடு ஒப்பிட இவை தொடக்கம் மட்டுமே.

அடுத்து, தொழிலாளர் பற்றிய பந்திக்கு வருவோம். பயிற்சி பெற்ற, கூலி மலிவான தொழிலாளர் என்னும் கருத்து ஏதேனும் ஒரு நாகரிகச் சொல்லில் அங்கே வந்தே தீரும். மலிவு என்பது யாருக்கு? 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. பல ஆண்டுப் போராட்டத்தின் பயன் அது. அன்றைய நாணய மாற்றில் அது ஏறத்தாழ 5 டொலர். 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாது என்று அறிவித்தது, ரூபாய் வீழ்ந்தது, ஆண்டின் நடுப்பகுதியில் ஒரு டொலருக்கு 360 ரூபாய் வரை கொடுக்க வேண்டியதாயிற்று. அப்போது அதே 1,000 ரூபாயின் பெறுமதி 3 டொலருக்கும் குறைவு. கொழும்பு ஏலத்திலோ ஒரு கிலோ தேயிலையின் சராசரி விலை 2021இல் இருந்ததைவிட 2022இல் ஏறத்தாழ இரு மடங்காயிற்று. உரமும் எரிபொருளும் விலையேறின என்பதும், 2021இல் இரசாயன உரம் தடை செய்யப்பட்டதால் விளைச்சல் குறைந்தது என்பதும் உண்மைதான். ஆனால் தேயிலையின் விலை டொலரைத் தொடர்ந்து ஏற, கொழுந்து பறித்தவளின் சம்பளம் அதே ரூபாயில் நின்றதே, அதற்கு யார் காரணம் சொல்வது? 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயாயிற்று. டொலரில் கணக்கிட்டால் அதுவும் மூன்றரை ஆண்டுகளுக்கு முந்திய 1,000 ரூபாய்க்கு ஈடாகவில்லை.

நாணய வீழ்ச்சியைக் கையேடு எழுதுவோர் ஏற்றுமதிக்குச் சாதகமான நிலைமை என்பர். அந்தச் சாதகம் யாருடைய அடுப்பிலிருந்து எடுக்கப்பட்டது என்று எழுதுவதில்லை. நாட்சம்பளம் என்ற சொல்லும் முழு உண்மையைச் சொல்லாது. நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்து பறித்தால்தான் அன்றைக்கு ‘பேர்’ விழும்; குறைந்தால் ‘அரைப்பேர்’. சம்பளம் உயர்ந்தபோது பல தோட்டங்களில் அந்த நிறையும் சேர்ந்து உயர்ந்தது. ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு நாலரைக் கிலோ அளவு பச்சைக் கொழுந்து வேண்டும். இந்தக் கணக்கு வணிகனுக்குத் தெரியும். அரைப்பேரின் கணக்கு அவனுக்குச் சொல்லப்படுவதில்லை.

எழுத்தறிவைப் பற்றிய பெருமையையும் ஆராய வேண்டும். 1945இல் இலவசக் கல்வி வந்தது. அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? தேயிலை, றப்பர், தெங்கு என்ற மூன்றுமே அன்று ஏற்றுமதி வருவாயின் பெரும்பகுதி. அவற்றுள் முதலிடம் தேயிலைக்கு. ஆனால் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களின் பிற்பகுதியிலேதான். நாட்டின் கல்விக்குப் படியளந்தவரின் பிள்ளைகள் முப்பது ஆண்டுகள் வாசலிற் காத்து நின்றனர். சராசரி என்னும் எண் இந்த வரலாற்றை விழுங்கிவிடுகிறது. வறுமைக் கணக்கிலும் இதுவே நிலை. 2019ஆம் ஆண்டின் அரசாங்கக் கணிப்பில் நாடு முழுவதிலும் வறியோர் நூற்றுக்கு 14.3, பெருந்தோட்டத் துறையில் மட்டும் 33.8. இரண்டும் அரசு வெளியிட்ட எண்களே. கையேட்டில் இடம்பெறுவது முதலாவது எண்.

இவ்வழக்கம் இன்று தோன்றியதன்று. ஆங்கிலேயர் காலத்தில் ஃபெர்குசன் வெளியிட்ட இலங்கை விவரத்திரட்டைப் புரட்டினால், தோட்டங்களின் பெயர், ஏக்கர்க் கணக்கு, உடைமையாளர், துரையின் பெயர் எல்லாம் ஒழுங்காக இருக்கும். இலண்டனில் இருந்த முதலாளிக்கு அதுவே போதுமானதாயிற்று. சுதந்திரம் வந்தது, எழுதும் கை மாறியது, பார்வை மாறவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் ஏறத்தாழ ஏழு இலட்சம் மக்களை நாடற்றவராக்கியது. 1947 தேர்தலில் ஏழு பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய இலங்கை இந்தியக் காங்கிரஸ், 1952இல் ஒருவரையும் அனுப்ப முடியவில்லை. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் மக்களைச் சரக்குப் போலப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சிய 1,50,000 பிறகு தீர்மானிக்கப்படும். அவர்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. எஞ்சியிருந்தோரின் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே முடிவு கண்டது. இந்த ஐம்பத்தைந்து ஆண்டுகளிலும் தேயிலை தடையின்றிக் கப்பலேறியது. தேயிலைக்குப் பிறந்த நாடு எது என்பதில் எவருக்கும் ஐயம் இருந்ததில்லை.

நாட்டின் கடனையும் இந்த இலையே தீர்க்கிறது. ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்குச் செலுத்த வேண்டிய 25 கோடி 10 இலட்சம் டொலரைத் தேயிலையாகக் கொடுத்துக் கழிப்பதென, மாதம் 50 இலட்சம் டொலர் வீதம், 2021 டிசெம்பரில் ஒப்பந்தம் செய்யப்பட்டது. வணிகச் சாதுரியம் என்று இதனைப் பாராட்டலாம். பாராட்டும்போது, நாட்டின் கடனைத் தோளில் சுமந்து மலையேறுபவர் யார் என்ற ஒரு வரியைச் சேர்த்தால் என்ன?

இங்கே நண்பர் சிலர் மறுப்புக் கூறலாம். வணிகக் கையேடு வணிகத்துக்காக எழுதப்படுவது. அதில் கண்ணீரைத் தேடுவது பொருந்தாது. நாட்டின் குறையை அந்நியனிடம் சொன்னால் வாங்குபவன் விலகிப்போவான். அதனால் துன்பப்படுபவரும் அதே தொழிலாளியே என்பது அவர்கள் வாதம். இதைத் தள்ளிவிட முடியாது. வாங்குபவன் விலகினால் முதலிற் காய்வது லயத்து அடுப்புத்தான். ஆனால் நாம் கேட்பது கண்ணீரை அன்று, கணக்கை. நிலத்தின் உயரத்தையும் மழையின் அளவையும் சொல்லும் பந்தியில் சம்பளம், வீடு, காணி, பாடசாலை ஆகியவற்றின் நிலையையும் சொல்வதில் தவறு என்ன? இன்று ஐரோப்பியச் சந்தையில் தொழிலாளர் நிலைமை பற்றிய கேள்வி எழாமல் ஒரு பெட்டித் தேயிலையும் நெடுங்காலம் நிலைத்து விலைபோகாது. மறைத்து வைத்த உண்மையைப் பிறர் கண்டுபிடித்துச் சொல்வதைவிட, நாமே சொல்லித் திருத்திக்கொள்வது நாட்டுக்கும் மதிப்பு, வணிகத்துக்கும் பாதுகாப்பு.

இத்தகைய எழுத்து இயலாததா? அதற்கு மலையகமே விடை தந்துள்ளது. 1935இல் புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’யை எழுதியபோது தமிழ்நாட்டு வாசகனுக்குத் தேயிலைத் தோட்டத்தின் மறுபக்கம் தெரிந்தது. ஆனால் அந்நிய வாசகனை நோக்கியே எழுதியவர் சி. வி. வேலுப்பிள்ளை. தலவாக்கலைத் தொகுதியிலிருந்து 1947இல் பாராளுமன்றம் சென்றவர்; தொழிற்சங்கவாதி; கவிஞர். 1970இல் வெளிவந்த ‘போர்ன் டு லேபர்’ என்னும் அவருடைய நூல் ஆங்கிலத்தில், அதாவது தேயிலை விற்கப்படும் மொழியில், தோட்டத்து மக்களின் வாழ்க்கைச் சித்திரங்களைத் தந்தது. துரைக்கும் தரகனுக்கும் விளங்கும் மொழியில், அவர்களுடைய புத்தகங்களில் இடம்பெறாத மனிதரை அவர் அறிமுகம் செய்தார். அந்த மனிதருக்குக் குணமும் சடங்கும் நகைச்சுவையும் கோபமும் உண்டு. பரிதாபத்துக்குரிய உருவங்களாக மட்டும் அவர்களைக் காட்டாததே அந்நூலின் சிறப்பு. இந்த நாட்டின் உண்மையான பொருளாதார அறிமுகம் ஒன்றைப் படிக்க விரும்பும் வெளிநாட்டாருக்கு அந்நூலையும் கையிற் கொடுக்கலாம்.

கையேடுகளைக் கண்டிப்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. 2023இல், மலையக மக்கள் இம்மண்ணுக்கு வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தனர். முன்னோர் நடந்த வழியைக் கால்களால் எழுதிக்காட்டிய அந்த நடைக்கு எழுத்திலும் தொடர்ச்சி வேண்டும். ஆசிரியர்களும் மாணவர்களும் தத்தம் தோட்டத்தின் விவரக் குறிப்பைத் தாமே எழுதலாம்: எத்தனை லயம், எந்த ஆண்டு கட்டியது, எத்தனை குடும்பத்துக்குக் காணி உறுதி உண்டு, மாதத்தில் எத்தனை நாள் வேலை, எத்தனை அரைப்பேர், பாடசாலைக்கு எத்தனை மைல். பெரட்டுக் களத்திலும் மடுவத்திலும் கேட்டறியத்தக்க செய்திகள் இவை. பூகோளப் பாடத்தில் மழைவீழ்ச்சியை அளக்கும் மாணவன் இதையும் அளக்கட்டும். தமிழ்ப் பாடத்தில் கட்டுரை எழுதும் மாணவி இதையும் எழுதட்டும். பின்னர் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் அது பெயர்க்கப்படட்டும்.

தேயிலையின் பெட்டியில் தோட்டத்தின் பெயரைப் பொறிக்க அறிந்த நாடு, அத்தோட்டத்து மக்களின் வாசற்கதவில் ஓர் இலக்கத்தைப் பொறிக்கவும் அறிய வேண்டும். அந்த நாள் வரையில், வெளிநாட்டாரின் மேசைமேல் வைக்கப்படும் கையேடு எவ்வளவு வழவழப்பான தாளில் அச்சாகியிருந்தாலும், அது பாதி முகத்தின் சித்திரமே.