உடனிருந்து எடுத்த படங்கள்

ஜப்பானின் தென்கோடித் தீவுகளான ஓகினாவா, 1945-ஆம் ஆண்டுப் போருக்குப் பின் 27 ஆண்டுகள் அமெரிக்க ஆட்சியின்கீழ் இருந்தது. 1972-இல் ஆட்சி ஜப்பானிடம் திரும்பியது, படைத்தளங்களோ அகலவில்லை. ஜப்பானிய நிலப்பரப்பில் ஏறத்தாழ 0.6 விழுக்காடே கொண்ட அம்மண், அமெரிக்கப் படைகளுக்கென்றே அந்நாட்டில் ஒதுக்கப்பட்ட நிலத்தில் சுமார் 70 விழுக்காட்டைச் சுமந்து நிற்கிறது.

தளங்களின் வாயிலோரத்தில் பிழைப்பு நடத்திய பெண்களைச் சிலர் ஒழுக்கம் கெட்டவர்கள் என்றனர். சிலர் அந்நிய ஆதிக்கத்தின் பலியாடுகள் என்றனர். முன்னது வெறுப்பு, பின்னது இரக்கம். எனினும் இரண்டிலுமே அப்பெண்களின் முகத்தைக் காணோம்.

அம்முகத்தை நமக்குக் காட்டியவர் இஷிகாவா மாவோ. 1953-இல் ஓகினாவாவிலேயே பிறந்த இவர், அமெரிக்க வீரர்களைப் படமெடுக்க விரும்பி, 1975-இல் கறுப்பின வீரர்கள் வந்துபோகும் மதுக்கூடத்தில் தாமே பணிப்பெண்ணாகச் சேர்ந்தார். முதலில் கோசா நகரிலும், பின்னர் ஹான்சன் முகாமை அடுத்த கின் என்னும் ஊரிலும் பணிசெய்தார். வீரர்களை நாடிச் சென்ற அவரது கண், உடன் உழைத்த தோழியர்பால் திரும்பியது. அப்படங்கள் 1982-இல் நூலாயின. 2017-இல் ‘சிவப்பு மலர்’ என்ற பெயரில் மீண்டும் தொகுக்கப்பட்டன.

கறுப்பு வெள்ளைப் படங்களில் அப்பெண்கள் வாய்விட்டுச் சிரிக்கின்றனர். அறையில் சோம்பிக் கிடக்கின்றனர். காதலனைத் தழுவி நிற்கின்றனர். அந்நியரைக் கண்ட கூச்சம் எவரிடமும் இல்லை. அவர்கள் பார்ப்பது கருவியை அன்று, தோழியை. இப்படங்களின் வலிமை இதுவே.

இச்சிரிப்பு அநீதியை மறைத்துவிடாதா என்று கேட்கலாம். 1995-இல் மூன்று அமெரிக்க வீரர்கள் பன்னிரண்டு வயதுச் சிறுமியைச் சீரழித்தபோது, தீவே கொதித்தெழுந்தது. அத்தகைய கொடுமையை இப்படங்கள் பேசவில்லை. முள்வேலிக்குப் பின்னாலுள்ள அதிகாரத்தையும் காட்டவில்லை. அதற்கு வரலாற்று நூல்களையே நாம் நாட வேண்டும். ஆயினும், ஒருவரது சிரிப்பை அறியாத நாம் அவரது கண்ணீரை எவ்வளவு அறிவோம்?

இதனினும் கடினமான கேள்வி ஒன்று உண்டு. இருபது வயதில் தோழிக்குக் காட்டிய முகத்தை, நாற்பது வயதில் தம் பிள்ளைகள் காண அப்பெண் விரும்புவாளா? அன்று தந்த இசைவு என்றென்றைக்கும் செல்லுமா? உடனுழைத்த இஷிகாவாவுக்கு உள்ள உரிமைகூட எல்லையற்றதன்று. எட்ட இருந்து ஏடு புரட்டும் நமக்கோ அவ்வுரிமை கடனாகவே கிடைத்திருக்கிறது. தீர்ப்பிட விரையாது, அந்த முகங்களின் முன் சற்றே பொறுத்திருப்பதுதான் நாம் அக்கடனைத் தீர்க்கும் வழி.